முன்வரிசையில் ஒரு வாய்

பெரிய பெரிய பாடகர்களெல்லாம் எதிரே ஒரு ஸ்டாண்டு வைத்து, அதில் காகிதத்தை விரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாடுகிறார்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. மறதி மனுஷனுக்குத்தானே வரும்? ஆனால் நம்ம ஆளுக்கு அது ஆகாது. அவர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே கிதாரைக் கட்டிக்கொண்டு பாடுகிற ரகம். "நெஞ்சுல இருந்து வர்றதைக் காகிதத்துல பார்த்துப் படிச்சா அது பாட்டு இல்ல, அறிக்கை" என்று எந்தக் காலத்திலோ ஒரு பேட்டியில் சொல்லித் தொலைத்துவிட்டார். கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். அன்றிலிருந்து மேடையில் ஒரு ஸ்டூல், ஒரு மைக், ஒரு கிதார், அவ்வளவுதான். காகிதம் என்ற பேச்சே கிடையாது. நெஞ்சில் இருப்பது முதல் வரிக்கு மேல் நிற்காது என்பதுதான் இதில் ஒரே சிக்கல்.

சிக்கலைத் தீர்க்கத்தான் பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறாளே! அவள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகள் அவள் உதட்டைப் பார்த்துத்தான் பாடம் படிக்கும். ஒவ்வொரு சொல்லையும் அவசரப்படாமல், உதட்டில் விரித்து வைத்த மாதிரி சொல்வாள். கடைசி பெஞ்சிலிருந்துகூட வாசித்துவிடலாம். கல்யாணமான புதிதில் ஒரு நிகழ்ச்சியில் அவருக்கு வரி மறந்துபோய் முழி பிதுங்கியபோது, முன்னால் உட்கார்ந்திருந்த அவள் பழக்க தோஷத்தில் வாயை அசைத்தாள். அவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். பிடித்தவர் பதினெட்டு வருஷமாக விடவில்லை.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முன்வரிசையில் ஒரு நாற்காலி அவளுடையது. அவள் முகத்தில் மட்டும் விழுகிற மாதிரி மேலே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. அவர் ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் அடுத்த வரி அவள் உதட்டில் தயாராக இருக்க வேண்டும். அவர் கண்ணிமைக்காமல் அவளையே பார்த்துப் பாடுவதைக் கண்டு, வந்திருக்கும் பெண்களெல்லாம் புருஷன்மாரை முழங்கையால் இடிப்பார்கள். "பாருங்க, எப்படி உருகுறார்!" ஒரு பத்திரிகை 'மனைவியின் கண்களுக்குள் பார்த்துப் பாடும் கலைஞன்' என்று எழுதியது. கண்ணாவது மண்ணாவது! அவர் பார்த்தது வாயை. ஒரு தடவை அவளுக்குத் தும்மல் வந்து அடுத்த வரி தாமதமாக, அவர் பழைய வரியையே மூன்று முறை திருப்பிப் பாடினார். அதற்கும் ஆகா என்றார்கள்.

விளக்கும் ஒலியும் அவள் தம்பி பொறுப்பு. வேன் ஓட்டுவதும் அவன்தான். நேரில் 'மாமா' என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அக்காவிடம் பேசும்போது மட்டும் அவர் பெயர் 'கண்ணீர்க் கம்பெனி'. "கம்பெனி கிளம்பிடுச்சாக்கா? வேனை எடுக்கட்டுமா?" என்று போனில் கேட்பான். "இருடா, இன்னும் தலையைக் கலைச்சு முடிக்கல" என்பாள் அவள். மேடையில் தலை கலைந்திருக்க வேண்டும். அதற்கு வீட்டில் கண்ணாடி முன்னால் ஏகப்பட்ட நேரம் பிடிக்கும்.

நியாயமாகச் சொன்னால் அந்த ஆளிடம் ஒரு காலத்தில் சரக்கு இருந்தது. செத்துப்போன அப்பாவின் பெரிய ஷூவுக்குள் காகிதத்தைத் திணித்துப் போட்டுக்கொண்டு முதல் வேலைக்குப் போன கதையை ஒரு பாட்டாக எழுதியிருந்தார். அது அவருடைய சொந்த வலி. அதற்கு யாரும் வாயசைத்துக் கொடுக்க வேண்டியதில்லை, இன்றைக்கும் முழுசாகப் பாடிவிடுவார். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அவள் விழுந்தாள். ஆனால் ஒரு மனுஷனுக்கு எத்தனை ஷூதான் இருக்கும்? நாலைந்து பாட்டில் சொந்தச் சரக்கு தீர்ந்தது. ரசிகர்களோ வருஷா வருஷம் புதுக் காயம் கேட்டார்கள்.

உடனே வீட்டுக்குள் கையை விட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அதே கதைதான். மச்சினனின் கல்யாணம் நின்றுபோனது ஒரு பாட்டு. தன் அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்தது ஒரு பாட்டு, அதற்கு ஒரு பரிசு வேறு கிடைத்தது. மாமியாரைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டவள் அவள், 'துடைத்தேன் தாயே' என்று பாடியவர் அவர். மகளுக்குப் பிறகு அவளுக்கு ஒரு கரு கலைந்தது. அதுவும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்கும் அவள்தான் முன்வரிசையில், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்து வரி வரியாக வாயசைத்துக் கொடுத்தாள். அன்று அவர் மேல் அவளுக்கு வந்த அருவருப்பு பிறகு போகவே இல்லை.

மகளையாவது விட்டுவைத்தாரா? அந்தப் பிள்ளை ஆறு வயது வரைக்கும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தது. எந்த வீட்டில் இல்லாத விஷயம்? அவள் பெரியவளாகி எல்லோரும் மறந்துபோன பிறகு அதை 'ஈரப் போர்வை' என்று பாட்டாக்கினார். கேட்டவர்கள் ஏதோ பிரிவுத் துயரம் என்று நினைத்து மூக்கைச் சிந்தினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்லாவிட்டால் இந்த ரகத்துக்குச் சோறு இறங்காது. டிவியில் உட்கார்ந்து மகள் எந்த வகுப்பு என்பது வரைக்கும் சொன்னார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவள் எங்கே நடந்தாலும் பின்னால் யாராவது அந்த மெட்டை முனகினார்கள். கடைசியில் பள்ளியையே மாற்ற வேண்டியிருந்தது. "அப்பா உன் மேல வச்ச பாசம்டா கண்ணு அது" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. பள்ளியில் கடைசி வருஷம், பரீட்சை வாசலில் நிற்கிறது. ஒரு நாள் கூடப் படிக்கிற இரண்டு பேர் உசுப்பிவிட்டு, ஒரு கடையில் லிப்ஸ்டிக்கை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிடித்துவிட்டார்கள். உசுப்பியவர்கள் ஓடியே போனார்கள். கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, முதலில் அப்பாவுக்குப் போன் போட்டார்கள். அப்பா எடுக்கவில்லை. பாட்டு எழுதும்போது போனைத் தொடமாட்டார், அது ஒரு தவமாம். பிறகு அம்மாவுக்குப் போட்டார்கள். அவள் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். கடை மேனேஜர் நல்ல மனுஷி. "சின்னப் பொண்ணு, பேரைக் கெடுக்க வேண்டாம். கூட்டிட்டுப் போங்க. இது இந்த ரூமோட போகட்டும்" என்றாள். மகள் வழியெல்லாம் அம்மா கையை விடாமல் அழுதுகொண்டே வந்தாள்.

அம்மா செய்த தப்பு, அதைப் புருஷனிடம் சொன்னது. பெற்றவன் இல்லையா, எப்படிச் சொல்லாமல் இருப்பது? பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அட்டைப்பெட்டி, நாற்காலி, மகள் கையை விடாமல் வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் "ஐயோ" என்றார், "அடப்பாவமே" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவருடைய விரல்கள் சாப்பாட்டு மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த வாரமே பாட்டு ரெடி. வழக்கம்போல அவளுக்கு மனப்பாடம் ஆகட்டும் என்று சோபாவில் உட்கார்ந்து பாடிக் காட்டினார். 'பின்னறையில் ஒரு நாற்காலி' என்று தொடங்கி, 'தலை குனிந்து என் செல்ல மகள், திருடிய சிவப்பு கைக்குள்ளே' என்று போய்க்கொண்டே இருந்தது.

"இதைப் பாடாதீங்க" என்றாள் அவள்.

"ஏன், ரெண்டாவது சரணம் இழுக்குதா?"

"சரணம் கிடக்கட்டும். அவ நம்ம பொண்ணு. ஒரு தடவை மானத்தை வாங்கினது போதாதா?"

"மானமா? என்ன பேசுற நீ? உண்மையைப் பாடுறவன் நான். உண்மைன்னா கசக்கத்தான் செய்யும்."

"கசக்கிறது அவளுக்கு. கைதட்டு உங்களுக்கு."

"நீ இதை அவ கதையா பார்க்குற. இது ஒரு அப்பாவோட கதை. அந்த ரூம்ல உடைஞ்சுபோனது நான்."

"நீங்க அந்த ரூமுக்கே வரலையேங்க!"

விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தார். "கலைஞன் உடம்போட போய்த்தான் ஆகணும்னு இல்லம்மா" என்றார். அடேங்கப்பா! அவளுக்குக் கையில் இருந்த கரண்டியைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் வெளியே வந்தாள். அழவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது. "அம்மா, இந்தப் பாட்டு வெளிய வந்துச்சுன்னா நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். பரீட்சை எழுதமாட்டேன். இன்னொரு ஸ்கூல் பார்க்கலாம்னு மட்டும் சொல்லாத" என்றாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அது மூன்றாவது சரணமாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. அரங்கம் முன்பு அச்சகமாக இருந்த இடம். இயந்திரங்களைக் கழற்றிவிட்டு, கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, மடக்கு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். சுவரில் காரை பெயர்ந்திருந்தால்தான் இந்த மாதிரிப் பாட்டு எடுபடும். மகள் உள்ளே வர மறுத்து, வேனிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "நீ வந்து சொல்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

தம்பி ஒயர்களைச் சுற்றிக்கொண்டே அக்காவிடம் வந்தான். அவனுக்கு விஷயம் தெரியும். "அக்கா, நீ முன்னாடி உட்காராத. இல்லன்னா நான் லைட்டை அணைச்சிடுறேன். ஃப்யூஸ் போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"வேண்டாம்டா. பாட்டு நின்னுச்சுன்னா கதை சொல்ல ஆரம்பிச்சிடுவார். அது இன்னும் ஆபத்து."

அவள் சொன்னது வாஸ்தவம். புதுப் பாட்டு என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் முன்னுரை இல்லாமல் பாட்டு, கைதட்டு முடிந்த பிறகு அது பிறந்த கதை. பாட்டில் வரி தடுக்கினால் நேராகக் கதைக்குத் தாவிவிடுவார். அந்தக் கதை பாட்டைவிட நீளமாக இருக்கும், அதில் பள்ளிக்கூடத்தின் பெயரும் இருக்கும்.

"அப்ப என்னதான் பண்றது?"

"லைட் நல்லா எரியட்டும். என் வாய் தெளிவாத் தெரியணும்" என்றாள் அவள். தம்பி அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏணியில் ஏறினான்.

அரங்கம் நிறைந்தது. தாடைக்குக் கை கொடுத்துக்கொண்டு, எப்போது அழலாம் என்று காத்திருக்கிற கூட்டம். வீட்டில் பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் திரும்பிப் பார்க்காதவன்கூட இங்கே வந்து அடுத்தவன் துக்கத்துக்கு டிக்கெட் வாங்கி உருகுவான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுருதி சேர்த்த கிதாரை மறுபடி சுருதி சேர்த்தார். அதற்கும் ஒரு அமைதி நிலவியது. பழைய பாட்டுகளை அவள் வாயசைத்துக் கொடுக்கக் கொடுக்கப் பாடினார். ஷூ பாட்டை மட்டும் தானாகப் பாடினார்.

பிறகு கண்ணை மூடினார். "புதுசு" என்றார், அவ்வளவுதான். கம்பியை மெல்ல மீட்டினார்.

"பின்னறையில் ஒரு நாற்காலி..."

முதல் வரி அவருடையது. கண்ணைத் திறந்து அவள் வாயைப் பார்த்தார். அவள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக உதட்டை அசைத்தாள். அவர் பாடினார்.

"அந்த அறைக்கு நான் வரவில்லை..."

பதினெட்டு வருஷப் பழக்கம் லேசுப்பட்டதா? வாய் பாடிவிட்டது, மூளை பிறகுதான் வந்து சேர்ந்தது. புருவம் ஒரு முறை சுருங்கியது. அதற்குள் அடுத்த வரி தயாராக இருந்தது.

"மணி அடித்தது, எடுக்கவில்லை
கண்ணீருக்கு மெட்டுத் தேடிக் கிடந்தேன்..."

இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் ஏறியது. சொந்த வரியைத் தேடி மேலே கூரையைப் பார்த்தார், கிதாரைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? அங்கே இருந்தவனுக்கல்லவா ஞாபகம் இருக்கும்? விரல்கள் பாட்டுக்கு மீட்டிக்கொண்டே போயின, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கடைசியில் திரும்பவும் அவள் வாயிடமே வந்து நின்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதற்குச் சொந்தமாக ஒரு வாயாவது இருந்தது. அவள் இரக்கமே காட்டவில்லை.

"அழுதவள் ஒருத்தி, அணைத்தவள் ஒருத்தி
கேட்டதை விற்றுத் தின்றவன் நான்
மனைவி வாயைப் பார்த்துப் பாடுகிறேன்
என் வாயில் எனக்கொரு சொல்லில்லை..."

கடைசி வரியில் அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. கிதார் நின்றது. ஒரு கணம் அரங்கமே கல்லாகிவிட்டது. தெரிந்துபோயிற்று என்றே அவள் நினைத்தாள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "தன்னையே கிழிச்சுப் போட்டுட்டான்யா!" என்றான் ஒருவன். "மனைவி வாயைப் பார்த்துப் பாடுகிறேன்னு சொன்னானே, என்ன ஒரு உவமை!" என்றாள் பின்னால் ஒருத்தி. மோசடியை மோசடிக்காரனே வாய்விட்டுச் சொன்னாலும் கவிதை என்று கும்பிடுகிற ஜென்மங்களை என்ன செய்வது?

கைதட்டு ஓயவே இல்லை. கதை சொல்ல வேண்டிய இடம் வந்தது. அவள் விரல்களை இறுக்கிக்கொண்டாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். எந்தப் பக்கம் அழுகிறார்களோ அந்தப் பக்கம் சாய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பாட்டு எப்படிப் பிறந்ததுன்னா... ஒரு நாள் ராத்திரி கண்ணாடியில என்னை நானே பார்த்தேன்" என்றார். கடையும் இல்லை, லிப்ஸ்டிக்கும் இல்லை, மகளும் இல்லை. எல்லாம் அவரே. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேடைக்குப் பின்னால் அவர் வரும்போது சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள். கத்தட்டும், கழுத்தைப் பிடிக்கட்டும், கேட்க வேண்டியதை நாலு கேட்டுவிடலாம் என்றிருந்தாள். ரசிகர்களிடமிருந்து கழன்று வந்தவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்கள் பளபளத்தன.

"அந்தக் கடைசி ரெண்டு வரி என்ன? புதன்கிழமை ரெக்கார்டிங் இருக்கு. பிரமாதமான வரி, எனக்குச் சரியா ஞாபகம் வர மாட்டேங்குது."

கோபப்பட்டிருந்தால்கூட மனுஷன் என்று மதித்திருப்பாள். "உங்க நெஞ்சுல இருந்து வந்ததுதானேங்க? அங்கேயே தேடுங்க" என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தாள்.

மகள் கண்ணாடியை இறக்காமல் உள்ளிருந்தே பார்த்தாள். பாடிவிட்டாரா என்று கண்ணால் கேட்டாள். இந்த அம்மாவுக்குப் பிறந்தவளுக்கு உதடு வாசிக்கத் தெரியாதா? அம்மா வெளியே நின்றபடியே, சத்தமில்லாமல், அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாயசைத்துக் காட்டினாள். கடைசி வரி வந்ததும் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. திங்கட்கிழமை எப்போதும்போல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

திரும்பும் வழியெல்லாம் அவர் முன்சீட்டிலிருந்து பின்னால் திரும்பித் திரும்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் மூடிய வாயைத் திறக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் நிகழ்ச்சிக்குப் போகவில்லை. மகளுக்குத் திங்கட்கிழமை பாடம் ஒப்பிக்க வேண்டியிருந்தது, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே தம்பி வழக்கம்போல ஏணியில் ஏறி, மஞ்சள் விளக்கை முன்வரிசையில் இருந்த வெறும் நாற்காலி மேல் கச்சிதமாகத் திருப்பி வைத்தானாம். அவர் கண்ணை மூடி, கம்பியை மீட்டி, "பின்னறையில் ஒரு நாற்காலி" என்று பாடினாராம். கண்ணைத் திறந்து அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு மறுபடி அதையே பாடினாராம். மறுபடியும் அதையே பாடினாராம்.

"அப்புறம்?" என்று அவள் போனில் கேட்டாள்.

"அப்புறம் என்னக்கா, எழுந்து நின்னு கைதட்டுறாங்க" என்றான் தம்பி.